விமான நிலையத்திலிருந்து குலதெய்வம் வரை

பங்குனி உத்திரம் நெருங்கும்போது, சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகளோடு வாழும் தென்மாவட்டத்து முதியோர் பலரின் மனத்தில் ஒரு கவலை எழுகிறது. அன்று குலதெய்வமான சாஸ்தாவை வழிபட வேண்டும். அவரோ கரிசல் காட்டில், ஏதோ ஒரு கண்மாய்க் கரையில், வேப்ப மர நிழலில் எழுந்தருளியிருக்கிறார். மகனுக்கு விடுப்பில்லை, இரவு முழுவதும் ரயிலில் வர உடல் இடம் கொடுப்பதில்லை, விமான நிலையத்திலிருந்து ஊர் வரை வாடகைக் கார் அமர்த்துவது கைக்கு எட்டுவதில்லை. "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று பயணம் தள்ளிப்போகிறது. இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தால், பேரக்குழந்தைகளுக்குக் குலதெய்வத்தின் பெயரும் தெரியாமற்போகும். சந்நிதியில் விளக்கேற்றவும் ஆளிருக்காது.

இந்தக் கவலையைத் தீர்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. நெடுந்தூரத்தை விமானத்திலும், எஞ்சியதை ஊர்ப் பேருந்திலும் கடப்பதே அது.

தூத்துக்குடி விமான நிலையம் அமைந்திருப்பது தூத்துக்குடி நகரில் அன்று; திருநெல்வேலி சாலையில் உள்ள வாகைக்குளத்தில். 1992இல் தொடங்கிய இந்நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைக்கப்பட்டது. சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். இங்கிருந்து கிழக்கே தூத்துக்குடி ஏறத்தாழ 15 கி.மீ.; மேற்கே திருநெல்வேலி ஏறத்தாழ 35 கி.மீ. இரு நகரங்களுக்கும் இடையே ஓடும் பேருந்துகள் இந்த நெடுஞ்சாலை வழியாகவே செல்கின்றன. ஆனால் இடைநில்லாப் பேருந்துகள் வழியில் நிற்பதில்லை. வெயிலில் சாலையோரம் காத்து நிற்க இயலாதவர்கள், தூத்துக்குடிப் பேருந்து நிலையம் வரை மட்டும் வாடகை வண்டி அமர்த்திக்கொள்வது நலம். முழுத் தூரத்திற்கும் கார் அமர்த்தும் செலவு இதனால் பெரிதும் குறையும். தூத்துக்குடியில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என இரண்டு உண்டு. தாம் செல்லும் ஊருக்கான வண்டி எதிலிருந்து புறப்படுகிறது என்பதை வண்டி அமர்த்தும்போதே கேட்டறிதல் வேண்டும்.

பூசைப் பொருள்கள் குறித்தும் ஒரு சொல். கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் எடுத்துச் செல்லத் தடை செய்யப்பட்டவை. அவற்றையும் தேங்காய், பழம், பூ ஆகியவற்றையும் இறங்கிய ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டிப் பகுதிக்குச் செல்பவர்கள் தீப்பெட்டியைச் சுமந்து செல்வானேன்!

தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் பேருந்து, முதலில் உப்பளங்களையும் பனைமரங்களையும் காட்டும். பிறகு மண்ணின் நிறம் மெல்லக் கறுக்கத் தொடங்கும். ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் வருவது குளத்தூர். கிழக்கிலிருந்து வருவோருக்குக் கரிசல் பூமியின் வாசல் என்றே இதனைச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளையும் மானாவாரி நிலம் இது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ காலை எடுக்கவிடாமல் ஒட்டிக்கொள்ளும். இம்மண்ணில் மழைக்காலத்தில் ஊர் விட்டு ஊர் நடந்த முன்னோரை எண்ணிப் பார்த்தால், வாசல் வரை வரும் பேருந்தின் அருமை விளங்கும்.

குளத்தூரிலிருந்து விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டியை அடையலாம். எட்டயபுரம் 1882இல் பாரதியார் பிறந்த ஊர்; 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் தீபாவளி நன்னாளில் இறைவனடி சேர்ந்ததும் அங்கேதான். அவரது சமாதியில் சற்று அமர்ந்து செல்வது பெரும்பேறு. கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமியைத் தரிசிக்கலாம். அவ்வூரிலும் பேருந்து நிலையங்கள் இரண்டு: நகரின் நடுவே அண்ணா பேருந்து நிலையம், நாற்கரச் சாலையில் கூடுதல் பேருந்து நிலையம். ஏறும்போதே "ஊருக்குள் போகுமா?" என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிஞ்சும்.

கோவில்பட்டிக்கு மேற்கே 20 கி.மீ. அளவில் கழுகுமலை. குடைவரையில் எழுந்தருளியுள்ள கழுகாசலமூர்த்தியை வலம்வர வேண்டுமானால் மலையையே சுற்றிவர வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இப்பெருமானைத்தான். காவடி சுமந்து நடந்தவர்களின் கால்களுக்கு அச்சிந்து துணை நின்றது. இன்று நடக்க இயலாதவர்களுக்குப் பேருந்து துணை நிற்கிறது.

குலதெய்வக் கோயில்கள் பெரும்பாலும் இத்தகைய ஊர்களிலிருந்தும் உள்ளே தள்ளியே இருக்கின்றன. அங்கே செல்வது நகரப் பேருந்து மட்டுமே. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கட்டணத்தைவிட நேரமே முக்கியம். உள்ளூர் வண்டிகள் நாளுக்குச் சில முறைதான் வரும். ஆகவே இறங்கும்போதே திரும்பும் வண்டியின் நேரத்தையும், கடைசி வண்டியின் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையிலேயே சென்று உச்சிவெயிலுக்கு முன் வழிபாட்டை முடிப்பது, மருந்தையும் குடிநீரையும் கைப்பையில் வைத்துக்கொள்வது, சில்லறை மாற்றி வைத்துக்கொள்வது ஆகியனவும் பயன் தரும்.

காரில் செல்பவர் கோயிலை மட்டும் பார்த்துத் திரும்புகிறார். பேருந்தில் செல்பவரிடம் பக்கத்து இருக்கைக்காரர், "நீங்க எந்த ஊரு? யாரு வீடு?" என்று கேட்பார். இரண்டு பேச்சுக்குள் ஒரு பங்காளியின் பெயரோ பூசாரி வீட்டுச் செய்தியோ வெளிப்படும். "ஆச்சி, உங்க ஊர் வந்துட்டு, பைய இறங்குங்க" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். விட்டுப்போன உறவு அங்கேயே மீண்டும் துளிர்க்கத் தொடங்கிவிடும்.

ஆள் ஏறாத தடத்தில் வண்டி நெடுநாள் ஓடாது. ஆள் வராத சந்நிதியில் விளக்கும் நெடுநாள் எரியாது. உடலில் தெம்பு உள்ளபோதே ஒருமுறை, இயன்றால் பேரப்பிள்ளை ஒருவரையும் உடனழைத்து, அந்த வண்டியில் ஏறிவிடுவது நன்று. வழி தெரிந்த பிள்ளை பின்னொரு நாள் தானே வரும்.