அந்தப் பக்கத்தைத் தடுத்தது யார்?

சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அண்மையில் இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி, "அக்கா, நீங்க சொன்ன பக்கம் ஸ்கூல்ல தொறக்கவே மாட்டேங்குது. யாருகிட்ட கேக்கறது?" என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதினாறு வயதில் நானும் அதே கேள்வியைக் கேட்டு அலைந்தவள்தான்.

நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். 2019இல் நான்காம் படிவம். தமிழ் வகுப்பில் ஆசிரியை, அவரவர் குடும்பத்தில் சயாம் மரண ரயில்பாதைக்குப் போனவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். என் தாத்தாவின் அண்ணன் தோட்டத்திலிருந்து கொண்டு போகப்பட்டவர். திரும்பவில்லை. ஒரு படம்கூட வீட்டில் கிடையாது.

பள்ளிக் கணினிக் கூடத்தில் அமர்ந்தேன். ஆங்கிலத்தில் தேடினேன். ஜப்பானியர்கள் 1942-43இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதை, அதில் வேலை வாங்கப்பட்ட அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் என்று பக்கம் பக்கமாகத் திறந்தது. ஆனால் அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக வேலை செய்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் தேடினேன். நம்மவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்த பதிவுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றைத் தட்டியபோதும் ஒரே அறிவிப்புதான்: தடை செய்யப்பட்டுள்ளது, வகை, வலைப்பூ.

கணினி ஆசிரியரிடம் கேட்டேன். "நான் தடுக்கவில்லை, அது அப்படியே வந்தது" என்றார். அலுவலகத்தில் கேட்டேன். இணையச் சேவை கொடுத்தவர்களைக் கை காட்டினார்கள். அவர்களை எப்படித் தேடிப் போவது? ஒரு வாரம் அலைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தைத் தடுக்க வேண்டும் என்று யாருமே முடிவு செய்யவில்லை!

இதன் சூட்சுமத்தைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். இத்தகைய வடிகட்டிகள் பெரும்பாலும் பக்கத்தைப் படிப்பதில்லை. அதன் முகவரியைத்தான் பார்க்கின்றன. சூதாட்டம், ஆபாசம், விளையாட்டு, வலைப்பூ என்று முகவரிகள் வகை பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வகையை மூடினால் அதிலுள்ள அத்தனையும் மூடிக்கொள்ளும். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றுக்குப் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் சொந்த இணையத்தளம் வைத்திருக்கின்றன. நம்மவர் எழுத்தில் பெரும்பகுதியோ இலவச வலைப்பூக்களில்தான் கிடந்தது. ஆகவே அடி நமக்கே பலமாக விழுந்தது. அதே வேளையில் தமிழில் எழுதப்பட்ட ஆபாசம் சில அந்தச் சல்லடையில் தப்பித் திறந்துகொண்டதை வகுப்புப் பையன்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? சீருடையை மாற்றிக்கொண்டு கிள்ளான் டவுனில் ஒரு சைபர் கஃபேயில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் சூதாடிக்கொண்டிருந்தார். என்னைப் பாதுகாக்க வந்த தடை என்னை அங்கேதான் கொண்டு போய் விட்டது. அச்செடுத்த எட்டுத் தாள்களை அன்றிரவு தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "இதெல்லாம் யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா!" என்று மட்டும் சொன்னார்.

தடையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வராதே என்று பழக்கியவர்களே கைப்பேசியில் பாடம் படிக்கச் சொன்னார்கள். பள்ளியின் வடிகட்டி வீட்டில் இல்லை. முதலாம் படிவத்திலிருந்த என் தம்பி பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். விசாரித்து அறிந்ததும் பதறிப்போய், அம்மாவிடம்கூடச் சொல்லாமல், கைப்பேசியில் யூடியூப் உட்பட எல்லாவற்றையும் பூட்டினேன். மறுநாள் அவனுடைய அறிவியல் ஆசிரியர் அனுப்பிய காணொளி திறக்கவில்லை. "யாருக்கா லாக் பண்ணது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். பள்ளியில் எனக்குப் பதில் சொல்லாதவர்களுக்கும் எனக்கும் அன்று என்ன வேறுபாடு?

பிறகு அம்மா, தம்பி, நான் மூவரும் அமர்ந்து எதைத் திறப்பது, எதை மூடுவது என்று ஒரு தாளில் எழுதினோம். சூதாட்டத்தையும் ஆபாசத்தையும் மூடுவதில் தம்பிக்கே மறுப்பில்லை. எதற்காக மூடினோம் என்று தெரிந்ததால் அவன் அதை ஏற்றுக்கொண்டான்.

நமது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3(3) பிரிவு, இச்சட்டத்தின் எதுவும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளலாகாது என்கிறது. ஆயினும் தடைகள் வந்துகொண்டேதான் இருந்தன. 2024இல் இணையத்தளப் பெயர்த் தேடல்களை (DNS) உள்நாட்டு வழங்கிகள் வழியே திருப்பும்படி தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மக்கள் கேள்வி எழுப்பினார்கள். சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. பெரியவர்களுக்குக் கேட்க இடமிருந்தது. பதினாறு வயது மாணவிக்கு அந்த இடம் எங்கே?

இடத்துக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம். அப்படி அமைந்த வகுப்பில்தான் நான் அந்தக் கட்டுரையை எழுதினேன். மொழிக்காகக் கேட்க அந்த வழி இருக்கும்போது, ஒரு பக்கத்தைத் திறக்கக் கேட்க ஏன் வழி இருக்கக் கூடாது? பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவரும் மாணவர் ஒருவரும் உடன் இருக்கட்டும். தமிழ்ப் பக்கமென்றால் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பார்த்து முடிவு சொல்லட்டும். மூடினால் காரணத்தையும் சொல்லட்டும்.

அந்த மாணவியிடம் அடுத்த சனிக்கிழமை ஒரு தாளைக் கொடுத்து, பக்கத்தின் முகவரியையும் அது எதற்காக வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னேன். கீழே அவள் கையெழுத்திட்டாள். அவள் அம்மாவும் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை முதல்வரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் பதினான்கு பெற்றோர் வேண்டுமா என்று கேட்டாள். கிடைத்தால் நல்லதுதான் என்றேன்.