வெட்டிவிட்ட விடைகள்

கடந்த மாதம் ஒருநாள் இரவு என் மகள் கொப்பியை மூடி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறாள்.

"அம்மா, எனக்குத் திரிகோண கணிதம் ஓடாது. நான் கலைப் பிரிவுக்கு மாறப்போறன்" என்றாள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2009 இல் தகப்பனை இழந்தபோது அவள் கைக்குழந்தை. என் தையல் வருமானத்தில் அவளை ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லை.

நானும் ஒரு காலத்தில் இந்தக் கணக்குகளைச் செய்தவள்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது நானும் உயர்தர மாணவி. நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாகக் கடக்கையில் என் பையில் உடுப்புகள்தான் இருந்தன. கொப்பிகள் வீட்டோடு போயின. பரீட்சை எழுத எனக்குக் கிடைக்கவேயில்லை. படித்ததெல்லாம் மறந்துபோயிற்று என்றே நினைத்திருந்தேன்.

ஆனாலும் அவளருகில் இருந்து, தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். சுவரில் 5 அடி ஏணி ஒன்றைச் சாத்துகிறோம். அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருந்தால், நுனி 4 அடி உயரத்தில் தொடும். நிலத்தோடு ஏணி அமைக்கும் கோணத்தின் சைன் 4/5, கோசைன் 3/5. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டினால் 16/25 + 9/25 = 1. ஏணியை எப்படிச் சரித்தாலும் இந்த 1 மாறாது. நீண்ட கோவைகளைச் சுருக்குவதற்கு இதுவே முதல் திறப்பு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தாள்.

பிழை போடப்பட்டிருந்த கணக்கு இதுதான்: 2 சைன் அ × கோசைன் அ = சைன் அ. 0 பாகை முதல் 360 பாகை வரையுள்ள விடைகளைக் காண வேண்டும். மகள் இரு பக்கமும் இருந்த சைனை வெட்டிவிட்டு, கோசைன் அ = 1/2 என எடுத்து, 60, 300 என்று இரண்டு விடைகளை எழுதியிருந்தாள்.

"ஏன் பிள்ளை சைனை வெட்டினனி?"

"ரெண்டு பக்கமும் இருக்குத்தானே அம்மா."

"அது பூச்சியமாய் இருந்தால்? பூச்சியத்தால வகுக்கலாமோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முன்பு என் ஆசிரியர் சொன்னது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது: வெட்டாதே, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்து. அப்படிச் செய்தோம். சைன் அ × (2 கோசைன் அ − 1) = 0. ஆகவே சைன் பூச்சியமாகலாம், அல்லது கோசைன் 1/2 ஆகலாம். சைன் பூச்சியமானால் 0, 180, 360. மொத்தம் ஐந்து விடைகள். 180 ஐப் பிரதியிட்டுப் பார்த்தாள். இரு பக்கமும் பூச்சியம், சரியாக இருந்தது.

"மூண்டு விடையை நானே வெட்டிப்போட்டன்" என்று சிரித்தாள். பிரிவு மாறும் கதையை அதன்பின் அவள் எடுக்கவில்லை. இப்போது இரவில் தையல் மெசினுக்குப் பக்கத்தில்தான் அவளது மேசை.

சகோதரிகளே, பரீட்சை எழுதாத என் படிப்பைப் பூச்சியம் என்று இத்தனை வருடமும் நானே வெட்டி வைத்திருந்தேன். எங்களில் பலர் இப்படித்தான். பாதியில் நின்ற படிப்பானாலும், இன்றிரவு பிள்ளையின் கொப்பியை ஒருதரம் வாங்கிப் பாருங்கள்.