ஒரு சுவரும் ஓர் ஆணியும்

இலண்டன் ஹொக்ஸ்டனில் 1914இல் தொடங்கப்பட்ட இல்ல அருங்காட்சியகம் 2021இல் மீளத் திறக்கப்பட்டபோது, 1976ஆம் ஆண்டுக் கரீபியக் குடும்பமொன்றின் முன்னறையும் அங்கு இடம்பெற்றது. பின்னல் விரிப்புகளும் ரேடியோகிராமும் அம்மக்களின் வரலாற்றைப் பேசின. எமது முன்னறைகள் எதைப் பேசும்? இன்றைய நாகரிகப்படி சாம்பல் நிறச் சுவர், அகன்ற தொலைக்காட்சி. அயலவர் வீட்டிலும் அவையே.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து நாற்சார் வீடொன்றில். நடு முற்றத்தில் மழை விழும், சுற்றிலும் விறாந்தை, ஓட்டினைப் பனஞ்சலாகைகள் தாங்கும். போரில் அவ்வீடு அழிந்தது, படமொன்றும் எஞ்சவில்லை. இங்கு நான் குடியிருந்த வாடகை அறைகளிலோ சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லை. மாட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவுமில்லை.

சென்ற ஆண்டு வகுப்பில் அவ்வீட்டை விவரித்தேன். மறுவாரம் மாணவி ஒருத்தி அதனை வரைந்து வந்து, "சேர், மழை விழும் இடம் சரியா?" என்று கேட்டாள். சரியாகவே இருந்தது. இப்போதைய வீட்டில் நான் அடித்த முதல் ஆணி அவ்வோவியத்துக்கானது.

அன்பார்ந்த பெற்றோர்களே, சுவரின் நிறத்தை நாகரிகம் தீர்மானிக்கட்டும். ஓர் ஆணியின் இடத்தையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதைக்காக ஒதுக்கி வையுங்கள். மாணவச் செல்வங்களே, அக்கதையை நீங்களே கேட்டுப் பெறுங்கள்.