கேட்கப் பழகினோம்

1986-ஆம் ஆண்டின் கோடை விடுமுறை அது. வானொலி பழுதுபார்க்கும் கடையொன்றில் ஒதுக்கிப் போட்டிருந்த பெட்டியிலிருந்து ஒரு கேங் கண்டென்சரைக் கேட்டு வாங்கி வந்தோம். மாத்திரைப் புட்டியொன்றின் மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நாங்களே எண்ணி எண்ணிச் சுற்றினோம். இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒரு பேட்டரி, ஒரு ஹெட்போன். மொட்டை மாடியிலிருந்து வேப்பமரம்வரை இழுத்துக் கட்டிய கம்பியே ஏரியல். அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் பத்து நாள் பாடுபட்டுச் செய்த அக்கருவி, பதினோராம் நாள் இரவில் வாய் திறந்தது. 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், எங்கோ இருந்த ஹாம் வானொலியாளர் ஒருவர் மோர்ஸ் ஒலியில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்.

மோர்ஸ் முறையில் வரும் அலையில் குரலும் இல்லை, இசையும் இல்லை. அலை எழுகிறது, நிற்கிறது, அவ்வளவே. அது காதில் விழ வேண்டுமானால், கேட்கும் கருவியும் தனக்குள் ஓர் அலையை எழுப்ப வேண்டும். வருகின்ற அலை நொடிக்கு 70,20,000 முறையும், கருவியின் அலை 70,21,000 முறையும் அதிர்ந்தால், இடையிலுள்ள 1,000 அதிர்வுகளே ஓசையாகின்றன. இரண்டும் முற்றிலும் ஒன்றாகிவிட்டால் ஓசை மறைந்துவிடும். அந்த விந்தையின் பொருள் அன்று எங்களுக்கு எட்டவில்லை.

பதில் பேச வேண்டுமானால் அரசின் உரிமம் வேண்டும். அதற்கான தேர்வில் மோர்ஸும் இருந்தது. எனவே, புள்ளியும் கோடுமாக எழுதி வைத்து மனப்பாடம் செய்தோம். காதில் விழும்போதோ ஒன்றும் பிடிபடவில்லை.

தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றிருந்த அப்பா, எங்கள் தடுமாற்றத்தை ஒரு வாரம் பேசாமல் பார்த்திருந்தார். அவர் அதிகம் பேசாதவர். தம் தாயின் அடக்கத்துக்கே நேரத்துக்கு வராத கல்நெஞ்சர் என்று சித்தப்பா அவரைக் குறை கூறுவதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். உள்ளூர நம்பியும் இருந்தோம்.

ஓரிரவு அவர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். தந்தி அலுவலகத்து சவுண்டர் எழுப்புவது டக்கென்ற இரு தட்டல்களை. அவற்றின் இடைவெளியைக் கொண்டே புள்ளியா கோடா என்று அறிய வேண்டும். எங்கள் கருவியின் சீழ்க்கை அவருக்குப் புதிது. சிறிது நேரத்தில் கையிலிருந்த பென்சில் தானாக எழுதத் தொடங்கியது.

“புள்ளியை எண்ணாதீங்கடா, ஓசையைக் கேளுங்க. நடுவுல வர்ற மௌனத்தையும் கேளுங்க” என்றார்.

மோர்ஸில் ஒரு கோடு மூன்று புள்ளி நீளம். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று புள்ளி மௌனம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. மௌனத்தைப் பிழையாகக் கேட்டால் சொல்லே மாறிவிடும்.

அன்றுதான் 1969-இல் நடந்ததை அவர் சொன்னார். மாலையில் தனியாகப் பணியில் இருந்தபோது வந்த தந்தியொன்றில், முகவரியாக அவர் பெயரே ஒலித்தது. எழுதினார். அடுத்து இரண்டு கோடுகள்: ஆங்கில ‘எம்’. தாய் என்னும் சொல்லின் முதலெழுத்து. எஞ்சியதை எழுதுமுன்பே அவர் அறிந்துகொண்டார். எழுதி முடித்து, பெற்றுக்கொண்டதாகப் பதில் தட்டினார். பின்னால் இன்னும் ஏழு தந்திகள் காத்திருந்தன. அவற்றையும் வாங்கி முடித்தே எழுந்தார். ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து அதற்குள் போய்விட்டிருந்தது.

“அந்த ஏழுலயும் யாரோட அம்மா இருந்தாங்களோ, யாருக்குத் தெரியும்?” என்று மட்டும் சொல்லி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கச் சென்றார்.

1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் அனுப்பிய புகழ்பெற்ற செய்தி, விவிலியத்தின் எண்ணிக்கை நூலிலிருந்து எடுத்த ஒரு வரி. அந்த வழி வந்த மொழிக்கும் வயதாகிவிட்டது. கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கு அது தேவையில்லை என்ற நிலை 1999-இல் வந்தது. ஹாம் உரிமத்துக்கு அது கட்டாயம் என்னும் பன்னாட்டு விதி 2003-இல் தளர்ந்தது. நம் நாட்டின் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. ஆயினும் இன்றும் 7 மெகாஹெர்ட்ஸில் இரவுதோறும் விருப்பத்தினால் மட்டுமே அதைத் தட்டுவோர் உண்டு.

அப்பா 1998-இல் மறைந்தார். அடக்கம் முடிந்த மாலையில், அந்த ஏழு தந்திகளின் செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். “இதை அண்ணன் ஒருநாளும் சொல்லலையே” என்றார்.

நாங்கள் பதில் கூறவில்லை. காதால் கேட்பதற்கும் வாய்விட்டுக் கேட்பதற்கும் நம் தமிழில் ஒரே சொல்தான். அவர் சொல்லவில்லை என்பது உண்மை. நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.