இறுக்கியதும் வழுக்கியதும்

எமது வீட்டில் ஒரு பழைய இரு சக்கர உழவு இயந்திரம் உண்டு. இலங்கையில் அதன் முழுப் பெயரைச் சொல்லுவோர் மிகக் குறைவு. எந்தக் கம்பனி செய்ததாயினும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே யாவரும் அழைப்பர். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், கொஸ்லந்தைக்கு அருகே, சரிவான நிலத்தில் போஞ்சியும் தக்காளியும் கத்தரியும் பயிரிட்டு வாழும் குடும்பம் எம்முடையது. மண்ணைக் கிளறுவதும், எருவை மேட்டுக்கு ஏற்றுவதும், காய்கறிப் பெட்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்த இயந்திரமே. அது ஒரு நாள் நின்றால், அன்றைய காய் அன்றே வாடும்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் அதற்கு ஒரு நோய் கண்டது. சமதரையில் ஒழுங்காக ஓடும். பாரத்துடன் மேட்டில் ஏறும்போது மாத்திரம் இயந்திரம் அலறும், சக்கரம் நகராது. கருகிய ரப்பரின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னாலுள்ள பற்சக்கரப் பெட்டிக்குக் கொண்டுசெல்லும் மூன்று பெல்ட்டுகளும் வழுக்குகின்றன என்பது தெளிவாயிற்று.

வழுக்கினால் இறுக்கவேண்டும், இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று எண்ணினோம். இயந்திரத்தைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் நான்கு நட்டுகளையும் தளர்த்தி, அதை முன்னே நகர்த்தி, பெல்ட்டுகளை இழுத்து முறுக்கினோம். நான்கு நாள் நன்றாக ஓடிற்று. ஐந்தாம் நாள் மீண்டும் வழுக்கிற்று. மீண்டும் இறுக்கினோம். இரண்டு நாள் ஓடிற்று. மூன்றாம் முறை, கடப்பாரையை இடையிலே கொடுத்து நெம்பி, வீணைத் தந்தி போல விறைக்கும்வரை இறுக்கினோம்.

எமது மகனுக்கு வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பள்ளி விட்டு வந்தபின் இயந்திரத்தைப் பெரும்பாலும் அவனே ஓட்டுவான். ஒரு மாலை எருப்பாரத்துடன் மேட்டில் ஏறியபோது பெல்ட் வழுக்கி, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கிற்று. அவன் துள்ளி இறங்கி, சக்கரத்துக்குக் கீழே கல்லை உருட்டி நிறுத்தினான். ஒரு கணம் தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ என்று இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

அந்த நடுக்கமே எமக்குக் கோபமாக மாறிற்று. "கிளச்சை நீ முரட்டுத்தனமாக விடுவதால்தான் பெல்ட் கெடுகிறது" என்று ஏசினோம்.

"இல்லை அப்பா, பெரிய கப்பியின் உட்பக்கத்தில் எண்ணெய் கசிவது போலத் தெரிகிறது" என்றான் அவன்.

"உன் புத்தகத்தைப் போய்ப் பார். எமக்குப் படிப்பிக்க வராதே."

அன்றிலிருந்து அவன் இயந்திரத்தின் அருகில் வருவதை நிறுத்திக்கொண்டான். வீட்டிலும் எம்மோடு பேச்சுக் குறைந்தது.

அடுத்த கிழமை எமது இல்லாளின் தாய்மாமனார் வந்தார். தேயிலைத் தோட்டத்து ஸ்டோரிலே இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் சிறுவனாகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அக்காலத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் கிடையாது. ஒரே பெரிய இயந்திரத்தின் விசை, கூரைக்குக் கீழே ஓடும் நீண்ட தண்டொன்றைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து இறங்கும் தட்டையான வார்கள் கொழுந்து அரைக்கும் ரோலர்களை ஓட்டும். வார்களோடு வாழ்ந்த மனிதர் அவர்.

நடந்தவற்றைக் கேட்டபின், "மாப்பிள்ளை, எத்தனை தரம் இறுக்கினீர்கள்?" என்றார்.

"மூன்று தரம் மாமா."

"ஒரு தரம் இறுக்கினால் அது மருந்து. மூன்று தரம் இறுக்கினால் அதுவே நோய்" என்றவர், எம்மைப் பாராமல் எமது மகனை அழைத்தார். "தம்பி, நீதானே இதை ஓட்டுகிறவன். நீ என்ன கண்டாய்?"

அவன் எமது முகத்தை ஒருமுறை பார்த்தான். பின்னர் எண்ணெய்க் கசிவைப் பற்றி மெல்லச் சொன்னான். பெரியவர் தலையசைத்தார்.

முதலில் வழுக்குவது பெல்ட்டா, கிளச்சா என்று உறுதி செய்தார். பாரத்துடன் மேட்டில் ஏறச் செய்து, சற்று விலகி நின்று பார்த்தார். இயந்திரம் வேகமாகச் சுழலப் பெரிய கப்பி தளர்ந்தால் குற்றம் பெல்ட்டில்; கப்பியும் வேகமாகச் சுழன்று சக்கரம் மாத்திரம் நின்றால் குற்றம் கிளச்சில். இங்கே தளர்ந்தது கப்பியே. அதன்பின் இயந்திரத்தை நிறுத்தி, அது ஓயும்வரை காத்திருந்த பிறகே கை வைத்தார். ஓடும் பெல்ட்டுக்கு விரலும் ஒன்றுதான், சட்டைக் கையும் ஒன்றுதான் என்பது அவர் வாக்கு.

பெல்ட்டுகளைக் கழற்றினார். பக்கங்கள் கண்ணாடி போல மின்னின. பெரிய கப்பியை இரு கைகளாலும் பற்றி அசைத்தார். 'டக்' என்று ஓசை எழுந்தது. உள்ளே பேரிங் தேய்ந்திருந்தது. பேரிங் தேய்ந்து தண்டு ஆடியதால் ஆயில் சீலும் கிழிந்து, பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் கசிந்து பெல்ட்டை நனைத்திருந்தது.

"தொடக்கத்தில் சிறு கசிவாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் இறுக்க இறுக்கத் தண்டின்மேல் பாரம் கூடிற்று. பேரிங் தேய்ந்தது. கசிவு பெருகிற்று. கசிவு பெருகவே வழுக்கலும் பெருகிற்று. எங்கள் ஸ்டோரிலும் வழுக்குகிற வாருக்குப் பிசின் பொடி தூவி அன்றைய வேலையை ஒப்பேற்றுவதுண்டு. பொடி தூவியவன் பிழையைக் கண்டுபிடித்தவன் அல்லன், மாப்பிள்ளை" என்றார்.

மாணவ வாசகர்களுக்காக இதன் காரணத்தைச் சிறிது சொல்லுவோம். மாட்டுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், சிறுவனும் ஒரு காளையை நிறுத்திவிடுவான். கயிறு உருளையைச் சுற்றும் அளவு கூடக் கூட, அதன் பிடி கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளரும். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் சுவிஸ் கணித மேதை ஆய்லர். எமது இயந்திரத்தின் பெல்ட்டோ தட்டையானதன்று. அதன் இரு பக்கங்களும் தம்முள் ஏறக்குறைய 40 பாகைக் கோணம் அமையச் சரிந்திருக்கும். கப்பியின் பள்ளத்தில் ஆப்பைப் போல இறங்கி, அடியால் அன்றிப் பக்கங்களாலேயே அது பற்றும். அதனால் தட்டை வாரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் அதற்குக் கிடைக்கும். ஆயினும் அத்தனையும் உராய்வையே நம்பி நிற்பது. நடுவே எண்ணெய் புகுந்தால் எவ்வளவு இறுக்கியும் பயன் சிறிதே.

பண்டாரவளைக்குச் சென்று பேரிங்கும் ஆயில் சீலும் வாங்கி வந்தோம். ஒன்று புதிதும் இரண்டு பழையதுமாக இருந்தால் பாரம் முழுவதும் ஒன்றின் மேல் விழுமாதலால், மூன்று பெல்ட்டுகளையும் ஒரே தொகுதியாக மாற்றினோம். இரு கப்பிகளின் முகத்திலும் ஒரு நூலைப் பிடித்து, அவை ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தோம். எவ்வளவு இறுக்குவது என்பதற்கும் கணக்குண்டு. கப்பிகளுக்கு இடையே பெல்ட் தாங்கலின்றி நிற்கும் நீளத்தில், ஓர் அங்குலத்துக்கு அறுபத்துநான்கில் ஒரு பங்கு என்ற அளவில் அது நடுவிலே தாழவேண்டும். எமது இயந்திரத்தில் அந்நீளம் 16 அங்குலம். ஆகவே விரலால் அழுத்தும்போது கால் அங்குலம் தாழ்ந்தாற் போதும். நாம் இறுக்கியபோது அது ஒரு நூலளவும் தாழவில்லை!

அன்று மாலை பாரத்துடன் இயந்திரம் மேட்டில் அமைதியாக ஏறிற்று. ஓட்டியவன் எமது மகன்.

இரவு உணவுக்குப் பின் அவனை அழைத்து, "எண்ணெய் கசிகிறது என்று நீ சொன்னபோது நாம் கேட்டிருக்க வேண்டும். பிழை எம்முடையது" என்றோம். தகப்பனின் வாயில் அச்சொற்கள் எளிதில் வருவனவல்ல. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை அப்பா" என்றான். சிறிது நேரம் கழித்து, "புது பெல்ட் ஓடியபின் கொஞ்சம் தளரும் என்று தாத்தா சொன்னார். நாளைக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்" என்றான்.

மறுநாள் காலை ஸ்பேனரை அவனிடமே கொடுத்தோம். அவன் பெல்ட்டை அழுத்திப் பார்த்து, நட்டுகளைத் தளர்த்தி, இயந்திரத்தைச் சற்றே முன்னே நகர்த்தினான். மீண்டும் அழுத்திப் பார்த்தான். கால் அங்குலம். அதற்குமேல் இறுக்கச் சொல்லி நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.