பழைய சைக்கிள் பார்க்கப் போன கதை

மகள் வயிற்றுப் பேரனுக்குக் கல்லூரி முதல் வருடம். மலையில் ஓட்டுகிற கியர் சைக்கிள்தான் வேண்டுமாம். புதிது வாங்க வசதிப்படாது. வடவள்ளியில் ஒருவர் 9,000 ரூபாய்க்குத் தருகிறார் என்று செல்போனில் படம் காட்டினான். "அப்புச்சி, நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க" என்றான். மில் மெயின்டனன்ஸில் 34 வருடம் இருந்தவன் நான். ஸ்டீல் ஸ்கேலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விற்கிறவர் நல்ல பையன். வேலை மாறிப் பெங்களூரு போகிறார். சைக்கிளைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். கழுவி வைத்த சைக்கிளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். பின்சக்கரம் பிரேக் கட்டையை லேசாக உரசியது. பெண்டு எடுத்தால் போதும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன், கழுத்தில் ஆட்டம் இல்லை. செயினில் ஸ்கேலை வைத்தேன். ஆணியிலிருந்து ஆணிக்கு 12 முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்ற வேண்டும். 1/8 கூடினால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். இதில் 1/16 கூடியிருந்தது. இதெல்லாம் பேரம் பேசுகிற குறைகள். மனதுக்குள் 1,500 குறைத்துக்கொண்டேன்.

கடைசியாக வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னேன். கழுத்திலிருந்து பெடல் பக்கம் இறங்கும் பெரிய குழாயின் அடியில், வெல்டிங் ஓரத்தில், முடி போல ஒரு கோடு. "பெயிண்ட் கீறல்தான்" என்றான் பேரன். துணியால் துடைத்து நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டியது.

விற்பவர் முகம் வெளுத்துவிட்டது. "போன ஞாயித்துக்கிழமைகூட மருதமலைப் பக்கம் இதுலதான் சார் போனேன்" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பேரன் விடவில்லை. "பட்டறையில வெல்டு வச்சுக்கலாம் அப்புச்சி, விலையும் கொறையும்." இது இரும்பு இல்லையப்பா, அலுமினியம். பற்ற வைத்த சூட்டில் அந்த இடம் பலம் இழந்துவிடும். திரும்பப் பதம் ஏற்றுவது தெருப் பட்டறையில் நடக்காது என்றேன். அவன் முகம் தெளியவில்லை. அதனால் அவனிடம் இதுவரை சொல்லாததைச் சொன்னேன்.

1968-இல் அப்பா சீட்டுப் பணத்தில் எனக்கு 85 ரூபாய்க்குப் பழைய சைக்கிள் வாங்கினார். பெல்லை அடித்துப் பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார். முன் ஃபோர்க்கில் வெல்டு வைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டே மாதத்தில் ஓர் இறக்கத்தில் அது முறிந்தது. என் மோவாயில் ஆறு தையல். அதன்பிறகு பல நாள் அப்பா என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. கோபம் என்று நினைத்துப் பயந்தேன். கோபம் இல்லை என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது.

பேரன் என் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தான். விற்கிறவர், சக்கரத்தையும் மற்ற சாமான்களையும் கழற்றி விற்றுக்கொள்கிறேன், ஃபிரேமை யாருக்கும் தர மாட்டேன் என்றார். வலுக்கட்டாயமாகக் காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

நேற்று ராத்திரி பேரன் இன்னொரு சைக்கிளின் படங்களைக் காட்டினான். முதல் படமே அடிப்பக்கம். கேட்டு வாங்கினானாம்.