பவுன் என்னும் சொல் மறைப்பது

பெங்களூரு நகைக்கடைகளில் விலைப்பலகை கிராமில் பேசுகிறது. தமிழர் பவுனில் கேட்கின்றனர், சிலர் சவரன் என்கின்றனர். இவ்விரு சொற்களும் பிரிட்டனின் ஒரே பொற்காசிலிருந்து பிறந்தவை. அதன் எடை 7.98 கிராம், தரம் 22 காரட். 1918-இல் பம்பாயிலும் அது அச்சிடப்பட்டது. காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. அதன் எடை மட்டும் எட்டு கிராம் என்று முழுமையாக்கப்பட்டு நம் நாவில் தங்கிவிட்டது.

காசின் பெயர் இவ்வாறு பொருள் மாறுவது புதிதன்று. பழங்கன்னடத்துப் பகரம் பின்னர் ஹகரமானதால் தமிழின் பொன் அங்கே ஹொன்னு, பணம் ஹண. 17-ஆம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராச உடையார் அச்சிட்ட பணம், அரை கிராமுக்கும் குறைந்த எடையுள்ள பொற்காசு. இன்று ஹண என்றால் செல்வம் முழுவதும். சொல்லுக்குள் பொன் இல்லை.

பவுனிலும் ஓர் இழப்பு உண்டு. அரச முத்திரை எடை, தரம் இரண்டுக்கும் உறுதி அளித்தது. சொல்லோ எடையை மட்டுமே சுமந்து வந்தது. எட்டு கிராம் 22 காரட் காசில் தூய பொன் 7.33 கிராம், 999 தரக் காசில் 7.99 கிராம். ‘ஒரு பவுன் காசு’ என்னும் பேச்சில் இந்த வேறுபாடு ஒலிப்பதில்லை.

2015 நவம்பரில் நடுவணரசு வெளியிட்ட இந்தியப் பொற்காசில் ஒருபுறம் அசோகச் சக்கரம், மறுபுறம் காந்தியார் உருவம். 5, 10 கிராம் எடைகளில், 999 தரத்தில் வந்த அது வடிவில் காசு. ஆனால் கடையில் கொடுத்து அரிசி வாங்க இயலாது. வாங்கும்போது பொன்விலையுடன் செய்கூலியும் 3 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேரும். விற்கும்போது அவை திரும்புவதில்லை. அச்சான ஆண்டுக்கும் அருமைக்கும் கூடுதல் விலை தருபவர் சேகரிப்பாளர் மட்டுமே. சேமிப்பவருக்கு எடையும் தரமுமே முதல்.

இது சிறு கணக்கன்று. கோலார் தங்கவயலில் வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் இறங்கினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், அவர்தம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்கு வருகின்றனர். கிராம் கிராமாகச் சேர்க்கும் குடும்பத்துக்கு, ஒரு பவுனில் ஒளிந்திருக்கும் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான பொன் பல நாள் கூலி. பவுன் என்று கேட்கலாம். அந்தச் சொல் நம்முடையதாகிவிட்டது. 916-ஆ, 999-ஆ என்று உடன் கேட்பதும் அச்சொல்லின் இலக்கணமாக வேண்டும்.